பூவுக்கு முன்னால் தண்டு

காவிரிப் படுகையின் ஈர நிலங்களில் தானாக முளைக்கும் செடிகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பதுதான் நெடுங்காலமாக என் தொழில். அந்தத் தொழில் எனக்குள் உறுதிப்படுத்திய கருத்து ஒன்றை இங்கே வாதமாக வைக்கிறேன். ஒரு காட்டுப்பூவை இனங்காணும்போது பூவைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். அது நிற்கும் வயல், அந்த வயலில் அதற்கு முன் நின்ற பயிர், மாதம் ஆகியவை முதலில். அதன்பின் தண்டு, இலை, மணம். இவ்வளவும் பொருந்திய பிறகு பூ வந்து உறுதிசெய்யட்டும். பாடப்புத்தகம் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லித்தருகிறது. லின்னேயஸ் காலந்தொட்டு வகைப்பாட்டியல் பூவின் உறுப்புகளை வைத்தே கட்டப்பட்டது. குடும்பத்தையும் பேரினத்தையும் தீர்மானிக்கப் பூ இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. ஆனால் தாவரங்களை வகைப்படுத்துவது ஒரு வேலை, வரப்பில் நின்று ஒரு செடியை இன்னதென்று சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் குழப்பத்தைக் காட்டத் தஞ்சை வட்டாரத்தில் கொட்டைக்கரந்தையை மிஞ்சிய செடி இல்லை.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் மூடல் என்ற வழக்கம் படுகையில் நிலைத்தது. அந்தத் தேதிகள் எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை என்பதைப் படுகைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தண்ணீர் நிற்கும் காலம், தண்ணீர் வற்றும் காலம் என்று ஆண்டு இரண்டாகப் பிரிவது மட்டும் மாறாதது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கிக் கிடந்த களிமண், தை பிறந்து வடக்குக் காற்று அடங்கியதும் மெல்ல இறுகத் தொடங்கும். சம்பா அறுவடை தையில் தொடங்கி மாசியில் முடியும். சேறு இறுகுவதற்கும், இறுகிய மண் பாளம் பாளமாக வெடிப்பதற்கும் நடுவே சில வாரங்கள் உண்டு. மேல்மண் காய்ந்தும் கீழ்மண் ஈரமாகவும் இருக்கும் அந்த வாரங்களில் தனியொரு செடிக்கூட்டம் எழுந்து வருகிறது. செருப்படை, மாசிபத்திரி, திராய், பொடுதலை, கரிசலாங்கண்ணி, கொட்டைக்கரந்தை எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. கோரையும் குதிரைவாலிப் புல்லும் நெல்லோடு எழுந்து நெல்லோடு முடிகிறவை. இந்தக் கூட்டமோ நெல் விட்டுச்சென்ற ஈரத்தில் தன் வாழ்க்கையைத் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் பூத்துக் குலுங்கி, சித்திரை வெயிலில் விதையை மண்ணில் விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். நெல் வருவதற்கு முன்னாலும் ஆற்றுப்பெருக்கு வடிந்த பள்ளங்களிலும் ஏரி உள்வாய்களிலும் இதே ஈரமும் இதே இடைவெளியும் இருந்திருக்க வேண்டும். வயல் அந்த இடத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தது. எனவே இவற்றை மனிதன் கொண்டுவந்த களைகள் என்று தள்ளிவிட முடியாது. படுகையின் மண்ணுக்கும் மழைக்கும் பழகிய சொந்தச் செடிகள் இவை.

இந்தக் கூட்டத்திலிருந்து கொட்டைக்கரந்தையைப் பிரித்துக் காட்டுவது அதன் தண்டு. இலைக்குக் காம்பு கிடையாது. இலையின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டியபடியே கீழிறங்கி, தண்டின் நீளத்துக்குப் பச்சைச் சிறகாக ஓடுகிறது. அந்தச் சிறகின் ஓரம் பல் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். பூ நிற்கும் காம்பிலும் அதே பல்வெட்டுச் சிறகு தொடரும். இலை தலைகீழ் முட்டை வடிவம், விளிம்பில் பற்கள், தண்டிலும் இலையிலும் மென்மையான சுரப்பிமயிர். கசக்கினால் கை கழுவும்வரை போகாத ஒரு காட்டமான மணம். செடி முழங்காலைத் தாண்டாது, கிளைகள் படர்ந்தெழும். கிளை நுனியில் சுண்டைக்காய் அளவுக்கு, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஒற்றை உருண்டை. அதை ஒரு பூ என்றே எல்லோரும் சொல்கிறோம். கைலென்ஸை வைத்துப் பிரித்தால் அது பல சிறு பூந்தலைகள் நெருக்கிக் கட்டிய கூட்டுத்தலை என்று தெரியும். ஒவ்வொரு சிறு தலையிலும் வெளிப்பக்கம் நூல்போன்ற பெண்பூக்கள், உள்ளே ஓரிரண்டு இருபால் பூக்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் இப்படித் தலைக்குள் தலை அமைவது எல்லாப் பேரினங்களிலும் காணக்கூடியதல்ல. ஆகவே வகைப்பாட்டுக்காரருக்கு அது மதிப்புள்ள செய்தி. லின்னேயஸ் 1753-இல் இதற்கு ஸ்பெராந்தஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். ஆனால் வயலில் நிற்பவருக்கு அந்த உள்ளமைப்பு எளிதில் உதவாது. அதைப் பார்க்க லென்ஸ் வேண்டும், ஊசி வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். தண்டின் சிறகைப் பார்க்கக் குனிந்தால் போதும்.

பூவை மட்டும் வைத்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் படுகையிலேயே சான்றுகள் உண்டு. இளஞ்சிவப்பில் உருண்டையான தலை தொட்டாற்சுருங்கிக்கும் இருக்கிறது. வாடாமல்லியின் காட்டு உறவுகள் வாய்க்கால் கரைகளில் உருண்டைத் தலைகளோடு நிற்கின்றன. இவை எல்லாம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. தொட்டாற்சுருங்கியின் தண்டில் முள்ளும் சிறகுபோல் பிளந்த கூட்டிலையும் உண்டு. வாடாமல்லி இனத்தில் இலைகள் எதிரெதிராக நிற்கும், தலை காகிதம்போல் சரசரக்கும், தண்டில் சிறகு இராது. இலையையும் தண்டையும் பார்த்தவருக்கு இவற்றில் குழப்பம் வர வழியே இல்லை. பூவை மட்டும் அருகே வைத்துப் படமெடுத்தவருக்குக் குழப்பத்தைத் தவிர வேறு வழியில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று படுகைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர் நீரோரத்தில் காணும் ஊதாப் பூக்களில் பெரும்பகுதி ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான். இரண்டுமே தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. அழகாகவும் பெரிதாகவும் இருப்பதால் அவைதான் இந்த மண்ணின் பூக்கள் என்று பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளில் ஒட்டப்படுகின்றன. மண்ணுக்குச் சொந்தமான பூ கணுக்கால் உயரத்தில், அறுத்த தாளுக்கு நடுவே, சுண்டைக்காய் அளவில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம்.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. கொட்டைக்கரந்தையின் நெருங்கிய உறவான சிவகரந்தை, ஸ்பெராந்தஸ் அமராந்தாய்டிஸ், இதே படுகையில் இதே ஈரத்தில் வளர்வது. இரண்டுக்கும் ஒரே பேரினம், ஒரே கூட்டுத்தலை அமைப்பு, ஏறத்தாழ ஒரே நிறம், ஒரே பருவம். பூவின் உள்ளமைப்பில் இறங்கினால் இவற்றைப் பிரிப்பது நிபுணருக்கே நேரம்பிடிக்கும் வேலை. மற்றதைப் பார்த்தால் உடனே பிரிந்துவிடும். சிவகரந்தை மயிரில்லாமல் வழவழப்பாக இருக்கும், தண்டு தடிக்கும், இலை குறுகி நீளும், தலை உருண்டையாக இல்லாமல் முட்டைபோல் நீண்டிருக்கும். விரலால் தடவினாலே பாதி விடை கிடைத்துவிடும். இந்த வேறுபாடு ஏட்டளவில் முடிகிற ஒன்றல்ல. இரண்டும் சித்த மருத்துவத்தில் தனித்தனி மூலிகைகள். கொட்டைக்கரந்தை ஆயுர்வேதத்தில் முண்டி என்ற பெயரில் வழங்குவது. நாட்டுமருந்துக் கடைக்குச் சாக்கில் வந்து சேரும்போது செடி உலர்ந்து நொறுங்கியிருக்கும். கரந்தை என்ற பொதுப்பெயரில் ஒன்றுக்கு மற்றொன்று போய்ச் சேர்வது அங்கேதான். கூடவே, கொட்டைக்கரந்தையைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கி நிழலில் உலர்த்த வேண்டும் என்பது சித்த மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் முறை. பூக்கும் முன்பே எடுக்க வேண்டிய செடியைப் பூவை வைத்து எப்படி அடையாளம் காண்பது? மருந்துக்காகச் செடி எடுத்த தலைமுறைகள் பூவைச் சார்ந்திருக்கவே முடியாது. தண்டின் சிறகையும், பிசுபிசுப்பையும், மணத்தையும் வைத்துத்தான் அவர்கள் வேலை நடந்திருக்க வேண்டும். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்றை நான் தேடவில்லை.

எங்கள் தொழிலின் வரலாறும் அதையே சொல்கிறது. காவிரி கடலில் கலக்கும் கரையில், தரங்கம்பாடியில், டேனியர் ஆட்சியில்தான் தென்னிந்தியத் தாவரங்களை முறையாகச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பும் வேலை பெரிய அளவில் நடந்தது. லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-இல் அங்கே வந்தார். மறைப்பணிக்காக 1776-இல் வந்த ராட்லர் செடிகளில் ஆழ்ந்து இறங்கினார். அறுவடை முடிந்த வயலில் வெயில் ஏற ஏறத் தழைக்கும் குரோசோபோரா ராட்லெரி என்ற செடி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் கலர்ப் படம் கிடையாது. அழுத்தி உலர்த்திய செடியில் ஊதா சில வாரங்களில் மங்கிப் பழுப்பாகிவிடும். மணம் சில ஆண்டுகளில் போய்விடும். ஹெர்பேரியத் தாளில் நூறாண்டு கழித்தும் அழியாமல் நிற்பவை சிறகு, பல், மயிர், இலையடி, காம்பு. கேம்பிள் தொடங்கி, 1925-இல் அவர் இறந்த பின் ஃபிஷர் முடித்து, 1915 முதல் 1936 வரை வெளிவந்த சென்னை மாகாணத் தாவரநூல் பெரும்பாலும் இப்படிப்பட்ட உலர்தாள்களைப் பார்த்து எழுதப்பட்டது. அதன் திறவுகோல்களைப் பொறுமையாகப் படித்தால், பேரினத்தைக் கடந்து இனத்துக்கு வரும்போது பூவின் நிறம் எவ்வளவு அரிதாகப் பேசப்படுகிறது, தண்டும் இலையும் மயிரும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது புலப்படும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய கே.எம். மேத்யூ, 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரநூலில் இதற்கு ஒரு படி மேலே போனார். செடி எங்கே, எந்த நிலத்தில், எந்த மாதத்தில் காணப்பட்டது என்பதை உயிருள்ள செடியைப் பார்த்த கண்ணோடு எழுதினார். படங்களையும் சேர்த்தார். படுகையில் வேலை செய்யும் எங்களுக்கு அந்த நூல் வந்தது பெரிய வசதி. கேம்பிளின் நூலில் பார்த்தீனியத்தைத் தேடினால் கிடைக்காது. இந்தியாவில் அது பரவத் தொடங்கியது 1950-களில். பழைய திறவுகோலில் இல்லாத புதுவரவைப் பூவை மட்டும் வைத்து ஓட்டினால் அது ஏதோ ஒரு பழைய பெயரில் போய் நிற்கும். அந்தச் செடி எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்று பார்க்கிறவருக்குத்தான் இது வேறு ஆள் என்ற சந்தேகமாவது எழும்.

பழைய தாள்களைப் படிக்கிறவர்களுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை. தஞ்சாவூர் ஜில்லா என்று மட்டும் எழுதிய உலர்தாளை இன்றைய தஞ்சாவூர் மாவட்டமாகக் கொள்ளக் கூடாது. 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. பழைய தாளின் தஞ்சாவூர் என்பது வேதாரண்யத்து உவர்மண்ணாகவும் இருக்கலாம், திருவையாற்று வண்டலாகவும் இருக்கலாம். இடத்தை வைத்துச் செடியை அறிய வேண்டும் என்று வாதிடுகிற நான், இடம் எழுதப்படும் விதத்தைப் பற்றிக் கறாராக இருப்பது இதனால்தான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் எதிர்வாதம் வலுவானது, நியாயமும் உள்ளது. வயலையும் மாதத்தையும் அடையாளமாகக் கொண்டால், வயலும் மாதமும் மாறும்போது அடையாளமும் போய்விடாதா என்பது அது. படுகையில் அந்த மாற்றம் சிறியதல்ல. 1960-இல் இந்தியாவில் முதலில் தேர்ந்த ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. ஆடுதுறை 27 போன்ற குறுகியகால நெல் ரகங்கள் வந்ததும் குறுவையும் தாளடியும் சேர்ந்து இருபோகம் பரவியது. பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள். பம்பு உள்ள வயலில் அறுவடைக்குப் பின் தரிசுக் காலம் என்பதே இல்லாமல் கோடை நெல்லோ பருத்தியோ ஏறிவிடுகிறது. அறுப்பு அறுவடை இயந்திரத்துக்கு மாறியதும் வயலைச் சீக்கிரமாக வடிக்க வேண்டியதாயிற்று. நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது படுகையின் பழைய வழக்கம். முளைத்த உளுந்தின் மேல் இயந்திரத்தின் சக்கரமோ செயினோ ஏறி இறங்குவதால் பல இடங்களில் அந்த வழக்கமே சுருங்கிவிட்டது. களைக்கொல்லி நெல்லில் தொடங்கி இன்று உளுந்துவரை வந்திருக்கிறது. அறுவடைக்குப் பின் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டுமந்தையோடு வந்து வயலில் கிடை போடுவது இன்னும் நடக்கிறது. ஆனால் அடுத்த பயிர் ஏறிவிட்ட வயலில் கிடைக்கு இடமில்லை. கிடை மேய்ந்த வயலில் காட்டமான மணமுள்ள கொட்டைக்கரந்தையும் மாசிபத்திரியும் பெரும்பாலும் ஆட்டு வாய்க்குத் தப்பி நின்று கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும், அதுவும் குறைகிறது. இத்தனையும் சேர்ந்து கொட்டைக்கரந்தையை வயல் நடுவிலிருந்து வரப்புக்கும், வாய்க்கால் சரிவுக்கும், ஏரி உள்வாய்க்கும் தள்ளியிருக்கின்றன. வாய்க்கால் ஓரத்தில் அது மாசியைக் கடந்தும் முந்தியும் பூக்கிறது.

இதனால் என் வாதம் தளர்ந்துவிடுகிறதா? அது கூர்மையாகிறது என்றுதான் நான் கருதுகிறேன். அந்தச் செடி மாதத்தை அறியாது. தண்ணீர் வடிந்ததையே அறியும். மாசி என்று நாம் சொல்லிவந்தது, சம்பா வயலில் தண்ணீர் வடிந்து சில வாரங்களாயின என்பதன் சுருக்கம் மட்டுமே. முறைவைத்துத் தண்ணீர் விடும் வாய்க்கால் ஓரத்தில் நீர் வடிவது வேறு மாதத்தில் நடந்தால், பூவும் அங்கே வேறு மாதத்துக்குப் போகும். ஏரியில் நீர் பின்வாங்கும்போது உள்வாயின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக முளைப்பதும் இதே கணக்கில்தான். எனவே பார்க்க வேண்டியது நீரின் நடமாட்டம். இந்த இடத்தில் தண்ணீர் எப்போது நின்றது, எப்போது போனது, அதன்பின் மண் கிளறப்பட்டதா என்ற மூன்று கேள்விகள். இவற்றுக்குப் பூ பதில் சொல்லாது. நிலம் சொல்லும், நிலத்துக்காரர் சொல்வார். மேலும், இடமும் காலமும் ஒரு செடியை நிரூபிப்பவை என்று நான் எங்கும் சொல்லவில்லை. எதைத் தேடுவது, எதைச் சந்தேகிப்பது என்று அவை சுட்டுகின்றன. நிரூபிப்பது தண்டும் இலையும். பூ அதற்கு ஒப்பமிடுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் இளைஞர்களிடமிருந்து வருவது. செல்போனில் பூவைப் படமெடுத்தால் செயலி பெயரைச் சொல்லிவிடும்போது இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்கிறார்கள். செயலிகளை நான் குறைசொல்ல மாட்டேன். நன்றாகப் பூத்த கொட்டைக்கரந்தையை அவை பேரினம்வரை கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. படத்தோடு இடமும் நாளும் தானாகப் பதிவாகிவிடுவது எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத வசதி. ஆனால் செயலி கொடுத்ததைத்தான் பார்க்கும். பூவை நிரப்பி எடுத்த படத்தில் தண்டு இல்லை, மயிர் இல்லை, அருகில் நிற்கும் செடிகள் இல்லை. கொட்டைக்கரந்தையையும் சிவகரந்தையையும் பிரிக்கும் அடையாளங்கள் எல்லாம் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. பூக்காத செடிக்கு முன் அதே செயலி பெரும்பாலும் தடுமாறுகிறது. இதற்குத் தீர்வு செயலியை ஒதுக்குவதல்ல. வயல் தெரிய ஒரு படம், செடி முழுவதும் தெரிய ஒன்று, தண்டைப் பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்புறத்தை ஒன்று, கடைசியாகப் பூவை ஒன்று. இந்த வரிசையில் எடுத்தால் இயந்திரமும் சரியாகச் சொல்லும், பின்னால் அந்தப் படத்தைப் பார்க்கும் மனிதரும் இயந்திரத்தைச் சரிபார்க்க முடியும். மணத்தை மட்டும் குறிப்பில் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதத்தை உழவர்கள் சொல்கிறார்கள்: இது களை, பிடுங்கிப் போடுகிற செடிக்கு இத்தனை ஆராய்ச்சியா? உளுந்து வயலில் அது களைதான். அதில் நான் மாறுபடவில்லை. ஆனால் படுகையில் கொட்டைக்கரந்தையை இரண்டிலைப் பருவத்திலேயே, உளுந்து நாற்றைத் தொடாமல், விரலால் தேடிப் பிடுங்கக்கூடியவர்கள் களையெடுக்கும் பெண்கள். அந்தப் பருவத்தில் பூவும் இல்லை, சிறகும் முழுதாக வந்திருக்காது. தடவலும் மணமும் நின்ற இடமும்தான் அவர்களுக்கு அடையாளம். பல்கலைக்கழகத்தில் நாங்கள் பட்டம் வாங்கியபின் கற்றுக்கொள்ளும் திறமை அது. நாற்றுப் பருவத்தில் செடிகளை இனங்காணத் தாவரநூல்கள் பெரிதாக உதவுவதில்லை. அவை பூத்த செடிகளுக்காக எழுதப்பட்டவை. களைக்கொல்லி பரவியபின் கைக்களை குறைந்து, அந்த அறிவு கைமாறும் வாய்ப்பும் குறைந்துவருகிறது. இளைய ஆய்வாளர்கள் ஹெர்பேரியத்தில் உட்காரும் நேரத்தில் ஒரு பங்கை அவர்களோடு உளுந்து வயலில் குனிந்து நடப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எந்தச் செடி எந்தத் தண்ணீருக்குப் பின் வருகிறது என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொன்னவர்களை நான் அறியேன்.

நான்காவது, தஞ்சாவூரில் தவிர்க்க முடியாத கேள்வி. 1911-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தால் கரந்தை என்ற பெயரை ஊரே அறியும். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் செல்வோர் சூடிய கரந்தைப்பூவும் இந்தக் கொட்டைக்கரந்தையும் ஒன்றா? தொல்காப்பியம் வெட்சிக்குள் அடக்கியதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித்திணையாக்கியது. திருநீற்றுப்பச்சையும் கரந்தை என்று அகராதியில் உண்டு. இரண்டுமே மணமுள்ளவை என்பதால் மணத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. இந்த ஒரு இடத்தில் பூவின் வடிவம் முன்னால் வந்து பேசுவதை ஒப்புக்கொள்கிறேன். புறநானூற்றின் 261-ஆம் பாடல் கரந்தைப்பூவை இளம்பசுவின் முலைக்கு ஒப்பிடுகிறது. திருநீற்றுப்பச்சையின் பூங்கதிர் அடுக்கடுக்காக நீளும் கதிர். அதற்கு அந்த உவமை சற்றும் ஒட்டாது. முழுதாக மலர்வதற்கு முன் திரண்டு நிற்கும் இளஞ்சிவப்பான கொட்டைக்கரந்தைத் தலைக்கு நன்றாக ஒட்டும். சிவகரந்தையின் நீள்முட்டைத் தலைக்கும் அது ஒட்டக்கூடும். ஆகவே கரந்தை இந்தப் பேரினம் என்றுகொள்ள வலுவான காரணம் உண்டு; இரண்டில் எது என்று பாட்டை மட்டும் வைத்துச் சொல்வது கூடுதல் துணிச்சல். ஆநிரை மேயும் வறண்ட நிலத்தில் ஈர வயல் செடிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, மானாவாரி நாட்டில் நீர் வற்றிவரும் ஏரி உள்வாய்களைக் காட்டுவேன். மாடு தண்ணீருக்கு இறங்கும் இடமும் கரந்தை பூக்கும் இடமும் அங்கே ஒன்றுதான். பார்க்கப்போனால் பூ தொடங்கிய வழக்கை இங்கும் முன்னே நகர்த்துவது நிலம்தான்.

வருகிற மாசியில் இந்தச் செடியைப் பார்க்க விரும்புகிறவர்கள் பம்புசெட் உள்ள வயல்களை விட்டுவிடலாம். கடைமடைப் பக்கம், உளுந்து தெளித்து உழாமல் விட்ட சம்பா வயல்களில் தேடுங்கள். வயல் இல்லையென்றால் கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியின் மேட்டோரங்களில் நீர் இறங்கிவரும் ஏரிகளின் உள்வாயில் பாருங்கள். செருப்படை தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும் இடம் கிடைத்தால் அங்கே நிதானமாக நடக்கலாம். மாசிபத்திரியின் மஞ்சள் பொத்தான் தலைகள் தெரிந்தால் கொட்டைக்கரந்தை பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். இன்னும் பூக்கவில்லையே என்று திரும்பிவிட வேண்டாம். குனிந்து தண்டைப் பாருங்கள், விரலால் தடவுங்கள், ஒரு இலையைக் கசக்குங்கள். எழுதும் குறிப்பில் ஊர், நாள் ஆகியவற்றோடு அந்த வயலில் முன்பு நின்ற நெல் என்ன, தண்ணீர் எப்போது வடிந்தது, அறுப்பு ஆளா மிஷினா, மருந்து அடித்தார்களா என்பதையும் நிலத்துக்காரரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதமாகிச் சித்திரையில்தான் போக முடிந்தது என்றாலும் பயணம் வீணாகாது. பூவின் நிறம் போய் உருண்டை பழுப்பாகியிருந்தாலும், காய்ந்த தண்டில் பல்வெட்டுச் சிறகு அப்படியே இருக்கும். அந்தத் தண்டில் இரண்டை ஒடித்துத் தாளில் ஒட்டி, மேற்சொன்ன விவரங்களைக் கீழே எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் ஹெர்பேரியத்தில் கொடுத்துவிடுங்கள்.